கிளென் கர்ட்டிஸ்

கிளென் ஹாமண்ட் கர்ட்டிஸ் (மே 21, 1878 – ஜூலை 23, 1930) அமெரிக்காவைச் சேர்ந்த மிதிவண்டிப் பந்தய வீரரும், மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளரும், வானூர்தித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த இவர், 1901 ஆம் ஆண்டில் ஒரு மிதிவண்டியில் பெட்ரோல் பொறியைத் தாமே பொருத்தி ஓட்டினார். ஆறு ஆண்டுகளுக்குள் அவருடைய வண்டி மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதற்கடுத்த ஆண்டிலேயே அவர் வானில் பறந்தார். அமெரிக்கக் கடற்படையின் முதல் வானூர்தியை உருவாக்கியவரும் இவரே. ரைட் சகோதரர்களுடன் இவருக்கு ஏற்பட்ட காப்புரிமை வழக்கு, வானூர்தி வரலாற்றில் நெடுங்காலம் பேசப்பட்ட ஒன்றாகும்.

இளமைக் காலம்

கர்ட்டிஸ் நியூயார்க் மாநிலத்தில் கியூக்கா ஏரியின் தென்முனையில் அமைந்துள்ள ஹாமண்ட்ஸ்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயின் தயாரிப்பிற்கும் பெயர்பெற்ற ஊர் இது. இவருடைய தந்தை பிராங்க் கர்ட்டிஸ், தாய் லூவா. கர்ட்டிஸ் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். அதன் பின்னர் இவருடைய வளர்ப்பில் தந்தைவழிப் பாட்டியான ரூத் கர்ட்டிசுக்குப் பெரும் பங்கு இருந்தது.

இவருடைய தங்கை ரூத்தா மூளை உறை அழற்சி நோயால் தாக்கப்பட்டு, கேட்கும் திறனை இழந்தார். காது கேளாதோருக்கான பள்ளியில் அவரைச் சேர்ப்பதற்காகக் குடும்பம் ரோசெஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது. கேட்க இயலாத தங்கையுடன் பழகிய அனுபவம், பிற்காலத்தில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லுடன் ஏற்பட்ட நட்பிற்கும் ஓர் இணைப்பாக அமைந்தது. பெல் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காது கேளாதோர் கல்விக்குச் செலவிட்டவர். அவருடைய மனைவி மேபல் பெல்லும் கேட்கும் திறனற்றவர்.

கர்ட்டிசின் பள்ளிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. ரோசெஸ்டரில், பின்னாளில் கோடாக் எனப் பெயர்பெற்ற ஈஸ்ட்மன் ஒளிப்படச்சுருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு, தம் வேலையை விரைவாக்க ஓர் எளிய கருவியைச் செய்தார். பிறகு வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தில் மிதிவண்டியில் சென்று தந்தி கொடுப்பவராகப் பணியாற்றினார். மிதிவண்டியின் மீது இவருக்கிருந்த ஈடுபாடு இக்காலத்தில் வளர்ந்தது. ஹாமண்ட்ஸ்போர்ட் திரும்பிய பின் சுற்றுவட்டார மிதிவண்டிப் பந்தயங்களில் கலந்துகொண்டு பல வெற்றிகள் பெற்றார். மார்ச் 7, 1898 அன்று லீனா பேர்ல் நெஃப் என்பவரை மணந்தார். அதனைத் தொடர்ந்து மிதிவண்டி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் கடை ஒன்றை நடத்தலானார்.

மோட்டார் பொருத்திய மிதிவண்டி

பின்னணி

1890களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிதிவண்டி மோகம் பரவியிருந்தது. இரு சக்கரங்களும் ஒரே அளவில் அமைந்த, சங்கிலியால் இயங்கும், காற்றடைத்த டயர்களைக் கொண்ட மிதிவண்டி நிலைபெற்ற பின்னர், அதில் சிறிய பொறி ஒன்றைப் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் ஒரே நேரத்தில் பலருக்கும் தோன்றியது. மிதிவண்டிச் சட்டம் எடை குறைந்தது, உறுதியானது, எளிதில் கிடைப்பது. ஆனால் அதற்கேற்ற சிறிய பொறி கடைகளில் எளிதாகக் கிடைக்கவில்லை. எனவே ஆர்வமுள்ளவர்கள் அஞ்சல் வழியாக வார்ப்புகளை வரவழைத்து, பொறியைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

1901 ஆம் ஆண்டு முயற்சி

கர்ட்டிஸ் பஃபலோ நகரிலிருந்த ஈ. ஆர். தாமஸ் நிறுவனத்திடமிருந்து ஒற்றைச் சிலிண்டர் பொறிக்கான வார்ப்புகளை வரவழைத்தார். வந்தவை முழுமையான பொறி அல்ல, கடைசல் செய்யப்படாத இரும்பு வார்ப்புகள் மட்டுமே. சிலிண்டரைத் துளைத்துச் சீராக்குவது, பிஸ்டனை அதற்குப் பொருந்தும்படி கடைவது, தீப்பொறி ஏற்பாட்டை அமைப்பது, எரிபொருளையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைச் செய்வது ஆகிய அனைத்தும் வாங்கியவரின் பொறுப்பு.

இவற்றுள் கார்புரேட்டரைப் பற்றிய செய்தி புகழ்பெற்றது. கர்ட்டிஸ் ஒரு காலித் தக்காளித் தகர டப்பாவை எடுத்து, அதனுள் மெல்லிய வலைத்துணியைப் பொருத்தினார். விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, நுண்புழை ஈர்ப்பால் அத்துணி பெட்ரோலை மேலே இழுத்தது. பொறியின் உறிஞ்சுவிசையால் உள்ளே வரும் காற்று, நனைந்த துணியைத் தழுவிச் சென்று பெட்ரோல் ஆவியை ஏந்திக்கொண்டு சிலிண்டரை அடைந்தது. கலவையின் அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த இவ்வமைப்பில் வழியில்லை. ஆயினும் பொறி ஓடியது. தலையில் தகர டப்பாவைத் தொப்பியாக அணிந்த, அக்காலத்துப் படக்கதை மாந்தர் ஒருவரின் நினைவாக இவ்வண்டிக்கு 'ஹேப்பி ஹூலிகன்' என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது.

முதற்பொறியின் ஆற்றல் போதவில்லை. சமதரையில் ஓடிய வண்டி, மேட்டில் ஏற ஓட்டுநரின் கால்களை நாடியது. அடுத்து அதே நிறுவனத்திடமிருந்து பெரிய அளவிலான வார்ப்புகளை வரவழைத்தார். இம்முறை பொறி மிகக் கனமாக அமைந்தது. அது வெடித்து இயங்கும்போது உண்டான அதிர்வு மிதிவண்டிச் சட்டத்தையே பிய்த்துவிடும் போலிருந்தது. சிறியது ஆற்றலற்றது, பெரியது சட்டத்திற்குப் பொருந்தாதது என்ற நிலையில், பிறர் வடிவமைத்த பொறியை மிதிவண்டியில் பொருத்துவதை விட, மிதிவண்டிக்கென்றே பொறியை வடிவமைப்பதுதான் வழி என்ற முடிவிற்குக் கர்ட்டிஸ் வந்தார். எடையைக் குறைத்து ஆற்றலைக் கூட்டுவது என்ற இந்நோக்கமே பின்னர் அவரை வானூர்திப் பொறிகளுக்கும் இட்டுச்சென்றது.

இம்முயற்சிகள் நடந்துகொண்டிருந்த காலம் குடும்பத்திற்குத் துயரமான காலமும் ஆகும். 1901 இல் பிறந்த முதல் மகன் கார்ல்டன், ஓராண்டு நிறைவதற்கு முன்னரே 1902 இல் இறந்தான். அடுத்த குழந்தையான கிளென் (இளையவர்) பிறந்தது 1912 ஆம் ஆண்டில்தான்.

இயங்கும் முறை

அக்காலத்து மோட்டார் மிதிவண்டிகளின் அமைப்பு பொதுவாகப் பின்வருமாறு இருந்தது.

பொறி: நான்கு வீச்சில் இயங்கும், காற்றால் குளிரூட்டப்படும் ஒற்றைச் சிலிண்டர் பொறி. சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள் வெப்பத்தைக் காற்றில் பரப்பும். உட்கொள்ளும் வால்வு பல பொறிகளில் தனி இயக்கமுறை ஏதுமின்றி, பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சுவிசையாலேயே திறந்துகொண்டது.

தீப்பொறி: உலர் மின்கலங்களும் ஒரு மின்தூண்டு சுருளும் சேர்ந்து தீப்பொறியை உண்டாக்கின. தீப்பொறி விழும் நேரத்தை முன்பின்னாக மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கமும் இருந்தது.

விசை கடத்தல்: பொறியிலிருந்து பின்சக்கரத்திற்குத் தோல் பட்டை வழியாக விசை சென்றது. மழையில் நனைந்தால் பட்டை வழுக்கும். கர்ட்டிசின் வண்டிகளும் பட்டையாலேயே இயங்கின.

ஓட்டத் தொடங்கல்: கிளட்ச் கிடையாது. ஓட்டுநர் மிதித்துச் சென்று, வண்டி வேகம் பெற்ற பின்னர் பொறியை உயிர்ப்பிக்க வேண்டும். நிற்க வேண்டுமெனில் பொறியை அணைக்க வேண்டும்.

பொறியின் எடையைச் சட்டத்தின் நடுவிலும் தாழ்வாகவும் அமைப்பது நிலைத்தன்மைக்கு இன்றியமையாதது. கைப்பிடியைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைத் தொடக்கத்திலேயே கையாண்டவர்களுள் கர்ட்டிசும் ஒருவர்.

வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு

தாம் வடிவமைத்த பொறியுடன் கூடிய வண்டிகளை 1902 முதல் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கர்ட்டிஸ் விற்கத் தொடங்கினார். அப்பெயரை வேறொரு நிறுவனம் ஏற்கனவே பயன்படுத்திவந்ததால், பின்னர் 'கர்ட்டிஸ்' என்ற பெயரையே வண்டிகளுக்கு இட்டார். பாட்டியின் வீடு அமைந்திருந்த மேட்டு நிலத்தில், வீட்டை ஒட்டியே பட்டறை வளர்ந்தது. ஆணைகள் கூடக்கூடக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. உள்ளூர் வணிகர்கள் சிலர் முதலீடு செய்தனர். 1905 இல் ஜி. எச். கர்ட்டிஸ் உற்பத்தி நிறுவனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது.

பந்தயங்களும் உலக சாதனைகளும்

விளம்பரத்திற்குப் பெரும்பணம் இல்லாத சிறு தொழிற்சாலைக்குப் பந்தய வெற்றியே சிறந்த விளம்பரமாக இருந்தது. தம் வண்டிகளைக் கர்ட்டிஸ் தாமே ஓட்டினார். மே 30, 1903 அன்று நியூயார்க் நகர்ப்புறத்தில் நடந்த மலையேற்றப் போட்டியிலும், அதே நாளில் நடந்த ஓடுதளப் பந்தயத்திலும் 'வி' வடிவ இரட்டைச் சிலிண்டர் பொறி கொண்ட வண்டியில் வென்றார். ஜனவரி 1904 இல் புளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் 10 மைல் தொலைவை 8 நிமிடம் 54.4 நொடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார்.

1907 ஆம் ஆண்டு சாதனை

1906 வாக்கில் வான்கலங்களுக்கென எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட 'வி' வடிவப் பொறி ஒன்றைக் கர்ட்டிஸ் உருவாக்கினார். ஏறத்தாழ 4.4 லிட்டர் கொள்ளளவும் 40 குதிரைத்திறனும் கொண்ட அப்பொறியைச் சோதிக்க, நீண்ட மிதிவண்டிச் சட்டம் போன்ற ஒரு சட்டத்தில் அதனைப் பொருத்தினார். இவ்வளவு ஆற்றலைத் தோல் பட்டையோ சங்கிலியோ தாங்காது என்பதால், சுழல்தண்டும் பல்சக்கரங்களும் கொண்டு பின்சக்கரத்துடன் நேரடியாக இணைத்தார். வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 125 கிலோகிராம்.

ஜனவரி 24, 1907 அன்று ஆர்மண்ட் கடற்கரையின் ஈர மணலில் கர்ட்டிஸ் இவ்வண்டியை ஓட்டினார். வேகம் பெற இரண்டு மைல் தொலைவு விடப்பட்டது. அடுத்த ஒரு மைலை 26.4 நொடிகளில் கடந்தார். இது மணிக்கு 136.36 மைல் (219.45 கிலோமீட்டர்) ஆகும். அன்றுவரை எந்த மனிதரும், தொடர்வண்டியிலோ தானுந்திலோ, இவ்வேகத்தில் சென்றதாகப் பதிவு இல்லை. எதிர்த்திசையில் ஓட்ட முயன்றபோது சுழல்தண்டின் இணைப்பு முறிந்து சட்டமும் வளைந்தது. கர்ட்டிஸ் காயமின்றித் தப்பினார். இரு திசை ஓட்டமும் நிறைவு பெறாததால் அலுவல்முறைச் சாதனையாக இது ஏற்கப்படவில்லை. ஆயினும் மோட்டார் சைக்கிளில் இவ்வேகத்தை மிஞ்ச 1930 வரை எவராலும் இயலவில்லை. இவ்வண்டி சிமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

வானூர்தித் துறை

எடை குறைந்த, நம்பத்தகுந்த பொறிகளைத் தேடிவந்தவர்கள் கர்ட்டிசை நாடினர். அவர்களுள் முதன்மையானவர் பலூன் வீரர் தாமஸ் ஸ்காட் பால்ட்வின். கர்ட்டிசின் மோட்டார் சைக்கிள் பொறியைப் பொருத்திய இவருடைய 'கலிபோர்னியா ஏரோ' என்னும் வான்கலம், ஆகஸ்ட் 3, 1904 அன்று ஓக்லாந்தில் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவந்து இறங்கியது. 1906 ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திற்குப் பின்னர் பால்ட்வின் தம் தொழிலை ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கே மாற்றிக்கொண்டார்.

வான்வழிச் சோதனைக் கழகம்

பொறி வாங்கும் நோக்கில் தொடர்புகொண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1907 இல் தாம் தொடங்கிய வான்வழிச் சோதனைக் கழகத்தில் சேருமாறு கர்ட்டிசை அழைத்தார். இதற்குத் தேவையான பணத்தை மேபல் பெல் தம் சொந்தச் சொத்திலிருந்து அளித்தார். தாமஸ் செல்ஃபிரிட்ஜ், ஜே. ஏ. டி. மெக்கர்டி, எஃப். டபிள்யூ. பால்ட்வின் ஆகியோர் ஏனைய உறுப்பினர்கள்.

கழகத்தின் முதல் வானூர்தியான 'ரெட் விங்' மார்ச் 12, 1908 அன்று உறைந்திருந்த கியூக்கா ஏரியின் பனிப்பரப்பிலிருந்து எழுந்தது. இரண்டாவதான 'வைட் விங்' வானூர்தியில் கர்ட்டிஸ் முதன்முதலாகப் பறந்தது மே 21, 1908 அன்று. அது அவருடைய முப்பதாவது பிறந்தநாள். மூன்றாவதான 'ஜூன் பக்' பெரும்பாலும் கர்ட்டிசின் வடிவமைப்பு. இறக்கைத் துணியின் இழைகளினூடே காற்று கசிவதைக் கண்டு, பெட்ரோல், பாரஃபின், டர்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து துணியின் மேல் பூசினர். ஒளிப்படத்தில் இறக்கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மஞ்சள் காவியும் அப்பூச்சில் சேர்க்கப்பட்டது. ஜூலை 4, 1908 அன்று ஊர்மக்கள் முன்னிலையில் இவ்வானூர்தியில் 5,080 அடி (1,550 மீட்டர்) பறந்து, சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் கோப்பையைக் கர்ட்டிஸ் வென்றார். முன்கூட்டியே அறிவித்து, பொதுமக்கள் பார்க்க அமெரிக்காவில் நிகழ்ந்த முதல் வானூர்திப் பறப்பு இதுவாகக் கருதப்படுகிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று, ஆர்வில் ரைட் ஓட்டிய வானூர்தியில் பயணியாகச் சென்ற செல்ஃபிரிட்ஜ் விபத்தில் உயிரிழந்தார். பொறியால் இயங்கும் வானூர்தி விபத்தில் இறந்த முதல் மனிதர் இவரே. கழகம் 1909 மார்ச்சில் கலைக்கப்பட்டது.

பிற சாதனைகள்

ஆகஸ்ட் 1909: பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் நடந்த முதல் பன்னாட்டு வானூர்திப் பந்தயத்தில் கோர்டன் பென்னட் கோப்பையை வென்றார். லூயி பிளேரியோவை ஏறத்தாழ 6 நொடி வேறுபாட்டில் முந்தினார்.

மே 29, 1910: ஆல்பனி நகரிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே நியூயார்க் நகருக்குப் பறந்து, நியூயார்க் வேர்ல்ட் நாளிதழ் அறிவித்த 10,000 டாலர் பரிசைப் பெற்றார்.

நவம்பர் 14, 1910; ஜனவரி 18, 1911: கர்ட்டிஸ் வானூர்தியை ஓட்டிய யூஜீன் ஈலி, கப்பலிலிருந்து வானூர்தியில் எழும்பிய முதல் மனிதராகவும், கப்பலில் இறங்கிய முதல் மனிதராகவும் ஆனார்.

ஜனவரி 26, 1911: சான் டியேகோவில் நீரிலிருந்து எழுந்து பறந்து நீரிலேயே இறங்கினார். இதுவே அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான கடல் வானூர்திப் பறப்பாகும். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கடற்படை தன் முதல் வானூர்தியை இவரிடமிருந்து வாங்கியது.

முதல் உலகப் போரின் போது இவருடைய நிறுவனத்தின் ஜே. என். 4 வகை வானூர்தி பயிற்சிக்காக ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்டது. போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட இவ்வகை வானூர்திகளிலேயே அடுத்த தலைமுறை அமெரிக்க வானோடிகள் பலர் பறக்கக் கற்றனர். 1919 மே மாதத்தில் அமெரிக்கக் கடற்படையின் என். சி. 4 என்னும் கர்ட்டிஸ் பறக்கும் படகு, இடையிடையே இறங்கி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் வானூர்தி ஆயிற்று. வானூர்தித் தொழில் வளர்ந்த வேகத்தில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி பின்தங்கியது. 1910களின் முற்பகுதியில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

காப்புரிமை வழக்கு

ரைட் சகோதரர்கள் 1906 இல் பெற்ற காப்புரிமை, இறக்கைகளை முறுக்கி வானூர்தியின் பக்கவாட்டுச் சாய்வைக் கட்டுப்படுத்தும் முறையை உள்ளடக்கியது. கர்ட்டிசின் வானூர்திகளில் இறக்கை முறுக்கப்படவில்லை. மாறாக, தனித்து அசையும் சிறு தகடுகள் அதே வேலையைச் செய்தன. இத்தகடுகளும் தங்கள் காப்புரிமைக்குள் அடங்கும் என்று கூறி ரைட் சகோதரர்கள் 1909 இல் வழக்குத் தொடர்ந்தனர். 1914 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் தரப்பிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு, 1903 இல் பறக்கத் தவறிய சாமுவேல் லாங்லியின் வானூர்தியைச் சிமித்சோனியன் நிறுவனத்தின் இசைவுடன் கர்ட்டிஸ் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் சீரமைத்துக் குறுகிய தொலைவு பறக்கவைத்தார். ரைட் சகோதரர்களுக்கு முன்னரே பறக்கும் திறன் பெற்ற வானூர்தி இருந்தது என நிறுவுவது இதன் நோக்கம். ஆனால் சோதனைக்கு முன் அதில் பல மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. அவற்றைக் குறிப்பிடாமல் சிமித்சோனியன் நிறுவனம் அவ்வானூர்தியைக் காட்சிக்கு வைத்தது ஆர்வில் ரைட்டைப் புண்படுத்தியது. அவர் தங்கள் முதல் வானூர்தியை 1928 இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டார். சிமித்சோனியன் 1942 இல் தன் கூற்றைத் திரும்பப் பெற்ற பின்னர், 1948 இல்தான் அது அமெரிக்கா திரும்பியது. கர்ட்டிசின் வாழ்வில் கடுமையான விமர்சனத்திற்கு உள்ளான செயல் இதுவே.

தொடர்ந்த வழக்குகளால் அமெரிக்க வானூர்தித் தொழில் தேக்கமடைந்ததாகக் கருதப்பட்டது. 1917 இல் அரசின் வற்புறுத்தலால் உற்பத்தியாளர்கள் தங்கள் காப்புரிமைகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உருவானது. பின்னர் 1929 இல் இரு தரப்பின் பெயரையும் தாங்கிய நிறுவனங்கள் இணைந்து கர்ட்டிஸ்-ரைட் நிறுவனம் தோன்றியது. அப்போது வில்பர் ரைட் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆர்வில் ரைட்டும் கர்ட்டிசும் தங்கள் நிறுவனங்களின் பொறுப்பிலிருந்து என்றோ விலகியிருந்தனர்.

இறுதிக் காலம்

1920களில் கர்ட்டிஸ் புளோரிடாவில் குடியேறினார். ஜேம்ஸ் பிரைட் என்பவருடன் சேர்ந்து ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ் ஆகிய ஊர்களை உருவாக்கினார். ஓபா-லோக்கா என்னும் ஊரையும் அரபுக் கதைகளில் வரும் கட்டடங்களின் பாணியில் அமைத்தார். தானுந்தின் பின்னால் இழுத்துச் செல்லும் இலகுவான பயண வீடுகளை வடிவமைத்து 'ஏரோகார்' என்ற பெயரில் விற்கச் செய்தார்.

1930 மே மாதத்தில், ஆல்பனி–நியூயார்க் பறப்பின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி அதே வழியில் பயணிகள் வானூர்தி ஒன்றை ஓட்டினார். வானோடியாக அதுவே அவருடைய கடைசிப் பறப்பு. அவ்வாண்டு கோடையில், முன்னாள் தொழில் கூட்டாளியான அகஸ்டஸ் ஹெரிங் தொடர்ந்திருந்த நீண்டகால வழக்கிற்காக ரோசெஸ்டர் வந்தபோது குடல்வால் அழற்சியால் தாக்கப்பட்டார். பஃபலோவில் நடந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் ஜூலை 23, 1930 அன்று தமது 52 ஆம் வயதில் இறந்தார். ஹாமண்ட்ஸ்போர்ட்டில் உள்ள பிளசன்ட் வேலி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் வேகம் முறியடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

மரபும் சிறப்புகளும்

ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கிளென் எச். கர்ட்டிஸ் அருங்காட்சியகம் இயங்குகிறது. அதன் பட்டறையில் தன்னார்வலர்கள் பழைய வானூர்திகளைச் சீரமைத்தும், மறுபடி உருவாக்கியும் வருகின்றனர். கர்ட்டிசின் பெயர் 1964 இல் அமெரிக்க வானூர்தித் துறைப் புகழ்மண்டபத்திலும், 1998 இல் மோட்டார் சைக்கிள் புகழ்மண்டபத்திலும் சேர்க்கப்பட்டது. 1933 இல் இறப்பிற்குப் பிந்தைய சிறப்பாக மேன்மைமிகு பறத்தல் சிலுவை விருது வழங்கப்பட்டது.

1900களின் தோற்றத்தில் மோட்டார் மிதிவண்டிகளை வீட்டிலேயே உருவாக்கும் பழக்கம் பல நாடுகளில் பொழுதுபோக்காகத் தொடர்கிறது. சட்டத்தின் மேற்குழாய்க்குக் கீழே தொங்கும் தட்டையான எரிபொருள் கலன், தாழ்ந்து வளைந்த கைப்பிடி, வெளிறிய நிற டயர்கள் ஆகியவை இவ்வண்டிகளின் அடையாளங்கள். அக்காலத்து ரப்பரில் கரித்தூள் சேர்க்கப்படாததால் டயர்கள் வெள்ளையாக இருந்தன. அழகுக்காக அவ்வாறு செய்யப்படவில்லை. இத்தகைய வண்டிக்கு வண்ணம் பூசுவோர் பழைய பூச்சையும் துருவையும் முழுதும் நீக்கி, அடிப்பூச்சு உலர்ந்த பின் மெல்லிய படலங்களாக வண்ணத்தைப் பூசுகின்றனர். பெட்ரோல் சிந்தினால் சாதாரண வண்ணப்பூச்சு கரைந்துவிடும் என்பதால், பெட்ரோலைத் தாங்கும் தெளிந்த மேற்பூச்சு கலனுக்கு இன்றியமையாதது.

கர்ட்டிஸ் பயன்படுத்திய தக்காளி டப்பாவிற்கு மாறாக இன்றைய பொழுதுபோக்காளர்களுக்கு ஆயத்தமான கார்புரேட்டரும் கிளட்சும் கிடைக்கின்றன. ஆனால் முதல் பொறி மேட்டில் ஏறாமல் நின்றபோதும், இரண்டாவது பொறி சட்டத்தை உலுக்கியபோதும் அவர் எதிர்கொண்ட சிக்கல் மாறவில்லை. மனிதக் கால்களின் விசைக்கென வடிவமைக்கப்பட்ட சட்டமும் தடையும் எவ்வளவு ஆற்றலைத் தாங்கும் என்பதே அது. மிதிவண்டியில் பொறி பொருத்தும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வியாக இதுவே இன்றும் இருந்துவருகிறது.